பட்டியலில் இல்லாத பிளையர்

"டூல் எல்லாம் பட்டியல்படி சரியா இருக்கே. அப்புறம் எதுக்கு விமானத்தை நிறுத்தச் சொல்றே?" என்றார் சூப்பர்வைசர்.

"பட்டியல்ல இல்லாத ஒண்ணைக் காணோம் சார்" என்றாள் புது டெக்னீஷியன். "பேனல்ல ஸ்பிரிங் பூட்டு மாட்ட, பழைய பிளையரை அராவி நானே செஞ்சது. இறக்கைக்குள்ள விட்டுட்டேன்."

"சொந்த டூல் கொண்டுவந்தா வேலை போயிடும்னு தெரியாது?"

"தெரியும் சார். கம்பெனி கொடுத்தது என் கைக்கு அடங்கலைன்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன். நீங்க படிக்கவே இல்ல."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. பேனலைக் கழட்டு. அது கிடைச்சதும் வீட்டுக்குக் கிளம்பு."

பன்னிரண்டாவது பேனலைக் கழற்றியபோது, உள்ளே ஓடும் கேபிளை ஒட்டி ஒரு பிளையர் கிடந்தது. அதன் மூக்கு அராவப்பட்டிருந்தது.

"கிடைச்சிடுச்சில்ல? கிளம்பு."

"இது என்னோடது இல்ல சார். என்னோடதுல நீல டேப் சுத்தியிருப்பேன்."

சிவப்பு டேப் சுற்றிய அந்தப் பிளையரை வாங்கிப் பார்த்தவர், ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சூப்பர்வைசர் ஆகறதுக்கு முன்னாடி நான் செஞ்சதும்மா. வீட்லதான் தொலைச்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

அவர் எழுந்து அவளுடைய டார்ச்சை வாங்கிக்கொண்டார்.

"ரிப்போர்ட்ல முதல் பேரு என்னோடது. தள்ளு, உன்னோடதைத் தேடுவோம்."