வெறுந்தலை

ஒரு தொப்பியும் கீழே இறங்கவில்லை.

அவள் கூடத்து வாசலில் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

உள்ளே ஓவியர்கள், சிற்பிகள், மண்பாண்டம் வனையும் ரஹ்மத் அக்கா. எல்லோர் தலையிலும் கோரைத் தொப்பி. கடலோரத்து இந்தக் கலைஞர் குடியிருப்பில் தொப்பி இல்லாமல் பால் வாங்கக்கூட யாரும் போவதில்லை. அப்படி ஒரு மிடுக்கு!

எல்லாம் அவள் பின்னியவை.

கூட்டத்தில் ஓட்டுப் போடுவதும் தொப்பியால்தான். கழற்றினால் சம்மதம். கழற்றாவிட்டால் இல்லை. தலைவர் ஞானசிகாமணி வைத்த விதி.

இன்றைக்குக் கேள்வி ஒன்றுதான். காலியாகக் கிடக்கும் வடக்குக் கொட்டகையை அவளுக்குக் கொடுத்து, அவளையும் உறுப்பினராகச் சேர்ப்பதா?

"தப்பா நினைச்சுக்காதம்மா. நீ செய்யறது கைவேலை. கொட்டகை கலைஞர்களுக்கு" என்றார் தலைவர்.

அடேயப்பா! அவர் தலை ஒரு பக்கம் புடைத்திருக்கும். அது வெளியே தெரியாதபடி விளிம்பைத் தாழ்த்திப் பின்னிக் கொடுத்தது யாராம்?

அவள் கணவனைத் தேடினாள். ஓவியன். பின்வரிசையில் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பி தலையிலேயே இருந்தது.

நேற்று சாப்பிட்டுக்கொண்டே, "என் ஓட்டு உனக்குத்தான்" என்றவன்.



அவளுக்கு அழுகை வந்தது. அழவில்லை.

நேராகத் தலைவரிடம் போனாள். அவர் தொப்பியைக் கழற்றி எடுத்தாள்.

"என்னம்மா இது?"

"என் கைவேலை. திருப்பி எடுத்துக்கறேன்."

அடுத்தவர். அதற்கடுத்தவர்.

சிற்பி ஒருவர் இரண்டு கையாலும் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கோரை கிழிந்துவிடும் என்று பயந்து அவரே விட்டார்.

ரஹ்மத் அக்கா தானாகத் தலையைக் குனித்துக் கொடுத்தாள். முகத்தை மட்டும் காட்டவில்லை.

கையில் தொப்பிகள் அவள் மோவாய் வரை ஏறின.

கடைசியில் கணவன். அவள் கிட்டே வருமுன்பே அவசரமாகக் கழற்றி நீட்டினான்.

அவள் அடுக்கைத் தரையில் வைத்தாள்.

அவனுடையதை வாங்கினாள். பழையபடி அவன் தலையில் வைத்தாள். காது மடங்கும்வரை அழுத்தி வைத்தாள்.

"உங்க ஓட்டு உங்களோடயே இருக்கட்டும்."

தலைவர் பக்கம் திரும்பினாள்.

"எண்ணுங்க ஐயா."

ஜன்னல் வெயில் வெறுந்தலைகளின் மேல் விழுந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ரஹ்மத் அக்காதான் முதலில் சிரித்தாள்.

மேசையில் கொட்டகைச் சாவி கிடந்தது. அவள் எடுத்துக்கொண்டாள்.

தலைவர் தன் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு கூடத்தைப் பார்த்தார்.

"எதிர்ப்பு... ஒண்ணு."