மாஸ்டர் வீட்டுப் படம்

"என் வீட்டை மட்டும் ஏன் இப்படி வரைஞ்சீங்க?"

டிராயிங் மாஸ்டர் இப்படிக் கேட்டபோது மௌனசாமி பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். அவருடைய உண்மைப் பெயர் வகுப்பில் யாருக்கும் நினைவில்லை. பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார் என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நாற்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு. என்ன வேலை என்று கேட்டால் "சொந்தத் தொழில்" என்பார்.

"எப்படி வரைஞ்சிருக்கேன் மாஸ்டர்?"

"கதவு கதவு மாதிரி இருக்கு. ஜன்னல் ஜன்னல் மாதிரி இருக்கு. ஒரு இடத்துலகூட வீங்கல, வளையல, சாயல. மத்தவங்க வீட்டையெல்லாம் அப்படியா வரைஞ்சீங்க?"

"தோணினதை வரைஞ்சேன்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அந்த 'தோணினதை' அவரே சொல்லிக் கொடுத்ததுதான்.

அது பெரியவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. முதல் நாளே எல்லோருடைய ஸ்கேலையும் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார் மாஸ்டர். "கட்டடத்தை அளந்து வரையறது இன்ஜினியர் வேலை. கண்ணு எங்கே ஓடுதோ அதைப் பெரிசாக்குங்க. கண்டுக்காததைச் சுண்டைக்காயா ஆக்குங்க. கோணலா வந்தா வரட்டும்" என்பார். வாரம் ஒரு மாணவர் வீட்டுக்குப் போய் எல்லோரும் அந்த வீட்டை வரைய வேண்டும்.

சொன்னது யாருக்கும் ஏறவில்லை. கட்டட கான்ட்ராக்டரின் கை நேர்கோட்டை விட்டு நகர மறுத்தது. பல் டாக்டர் வரைந்த ஜன்னல்கள் மேல்வரிசை, கீழ்வரிசையாகத்தான் வந்தன. பேங்க் மேனேஜரம்மா வரைவதைவிட அழிப்பதே அதிகம்.

மௌனசாமி மட்டும் முதல் வாரமே பிடித்துக்கொண்டார். டாக்டரின் மாடி வீட்டை அவர் வரைந்தபோது வாசல் கதவு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. பின்பக்கத் தண்ணீர்க் குழாய் யானைத் துதிக்கை மாதிரி மொட்டை மாடிவரை பருத்து வளைந்து ஏறியது. டாக்டரின் நாய் முதல் மாடி உயரத்துக்கு நின்றது. மேனேஜரம்மா வீட்டில், சமையலறைப் புகைபோக்கியின் ஓட்டை வீட்டையே விழுங்குகிற மாதிரி வாயைப் பிளந்திருந்தது. கான்ட்ராக்டர் வீட்டு மாடியின் மேல் பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவர் அப்படியே சாய்ந்து படுத்திருந்தது.

"இருபது வருஷமா நான் தேடின ஆளு இவர்தான்" என்று மாஸ்டர் ஊரெல்லாம் சொன்னார். மாணவர்களுக்குள் போட்டியே வந்துவிட்டது. "எங்க வீட்டைத் திரும்ப ஒருமுறை பாருங்களேன்" என்று கூப்பிட்டு, மொட்டை மாடியிலிருந்து சாமான் அறைவரை மௌனசாமிக்குச் சுற்றிக் காட்டினார்கள்.

மாஸ்டரும் பொறுக்க மாட்டாமல் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். மௌனசாமி பத்தே நிமிஷத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு, காபி ஆறுவதற்குள் வரைந்தும் கொடுத்துவிட்டார். மாஸ்டரின் மனைவி படத்தைப் பார்த்து, "அச்சு அசலா நம்ம வீடு மாதிரியே இருக்குங்க" என்று சந்தோஷப்பட்டதுதான் மாஸ்டருக்கு இன்னும் வலித்தது.

அடுத்த வாரம் கண்காட்சி. பெரிய விமர்சகர் ஒருவர் வந்திருந்தார். நாயின் முன்னால் கால் மணி நேரம் நின்றார்.

"இந்த நாய் அதிகாரம். இந்தக் குழாய், மேலே ஏறத் துடிக்கிற மனுஷன். இந்த ஓட்டை, நம்ம எல்லாருக்குள்ளேயும் இருக்கிற வெறுமை."

"சாய்ஞ்ச சுவர்?" என்று ஆவலோடு கேட்டார் கான்ட்ராக்டர்.

"அண்டை வீட்டுக்காரர்கிட்ட நாம எதிர்பார்க்கிற அன்பு."

கான்ட்ராக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அண்டை வீட்டுக்காரரோடு அவர் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை.

மாஸ்டர் வீட்டுப் படத்தின் முன்னால் விமர்சகர் நிற்கவே இல்லை. "இது புதுசா சேர்ந்தவங்க யாராவது வரைஞ்சதா?" என்று கேட்டுக்கொண்டே கடந்துபோனார்.

அன்றிலிருந்து மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வீட்டிலும் உயிரைக் கண்டவனுக்குத் தன் வீட்டில் மட்டும் ஏன் ஒன்றுமே தோன்றவில்லை? தனக்குத்தான் உயிரில்லையா? கண்ணாடி முன்னால் நின்றுகூடப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு மௌனசாமி வகுப்புக்கு வரவில்லை. டாக்டர், மேனேஜரம்மா, கான்ட்ராக்டர் மூவரும்கூட வரவில்லை. இன்ஸ்பெக்டர் ஒருவர்தான் இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்தார்.

"கண்காட்சியில வெச்ச படங்கள் வேணும் சார். கோர்ட்டுல காட்டணும்."

"கோர்ட்டுலயா?"

"டாக்டர் வீட்டுல குழாயைப் பிடிச்சு ஏறியிருக்கான். மேனேஜரம்மா வீட்டுல புகைபோக்கி ஓட்டை. கான்ட்ராக்டர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சுவர்லேர்ந்து ஒரே தாவு. நாலே நாள்ல மூணு வீடு. கடைசியா டாக்டர் வீட்டு நாய் மட்டும் துரத்தலேன்னா நாங்க பிடிச்சிருக்கவே முடியாது."

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தார். பிறகு, ஏதோ ஒரு சின்ன நம்பிக்கையோடு நிமிர்ந்தார்.

"அப்போ என் வீட்டுக்கும் வர்றதாத்தானே இருந்திருப்பான்?"

இன்ஸ்பெக்டர் படங்களைச் சுருட்டிக் கான்ஸ்டபிளிடம் கொடுத்துவிட்டுத் தயங்கினார்.

"நானும் அதைக் கேட்டேன் சார். 'மாஸ்டர் வீட்டுல எடுக்க என்ன இருக்கு?'ன்னு என்னையே திருப்பிக் கேக்கறான்."