எத்தனை வெளிச்சம்

அடுத்த மாதம் பெரிய தொலைநோக்கி வானம் முழுவதையும் படமெடுக்கத் தொடங்கும். அதற்குள், ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் விண்மீன் மண்டலங்களைப் பிரித்து எண்ணக் கணினியைப் பழக்க வேண்டும். ரெஜினா வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு மாதிரிப் படத்திலும் எத்தனை என்று குறித்துக்கொண்டிருந்தாள். அவள் தவறாகக் குறித்தால் கணினியும் தவறாகவே கற்றுக்கொள்ளும்.

வயிற்றிலிருந்த குழந்தை தங்காமல் போய் இரண்டு மாதம். அவளும் கணவன் அருள்தாஸும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று மத்தியானம் டீ கொண்டுவந்தவன், வைத்துவிட்டுப் போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இது ஒண்ணு," என்றான். அடுத்த படத்துக்கு, "ரெண்டு." அவளும் அப்படியே குறித்தாள்.

பிறகு வந்த படத்தில் இரண்டு வெளிச்சங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தன.

"மூணு," என்றான்.

"ரெண்டுதாங்க."

"நடுவுல பாரு ரெஜி. சின்னதா."

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். மங்கலாக ஏதோ இருந்தது. கேமராவின் கோளாறாகவும் இருக்கலாம்.

"நிச்சயமாச் சொல்ல முடியாதுங்க."

"தெரியும்," என்றான். அந்த மங்கலின்மேல் விரலை வைத்தான். "இருந்துச்சுன்னு மட்டும் எழுதேன்."

அவள் மூன்று என்று குறித்து, பக்கத்தில் 'உறுதியில்லை' என்று எழுதினாள். அடுத்த படத்துக்குப் போக இருவருக்கும் மனம் வரவில்லை.