கோட்டுக்கு இந்தப் பக்கம்

மத்தியான வெயிலில் நின்றபடியே தூங்கி வழிந்த லாரி ஓட்டுநரைப் பார்த்ததும் எல்லைச் சோதனைச் சாவடி அதிகாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் கண் இரண்டும் கோவைப்பழம். ஆனால் எத்தனை மணி நேரம் ஓட்டினான் என்று காட்ட அவன் நீட்டிய நேரத்தாள் மட்டும் படு சுத்தம். ஓட்டத் தொடங்கியது: மதியம் ஒன்று நாற்பது.

அதாவது, எல்லைக் கோட்டைத் தாண்டிய நேரம்.

அந்தப் பக்கத்துத் தாளை முதலாளியின் ஆள் வாங்கிவைத்துக்கொண்டு புதுத் தாள் கொடுத்து அனுப்பியிருப்பான். கோட்டைத் தாண்டினால் உடம்பும் புதுசாகிவிடும் போலிருக்கிறது!

"அந்தப் பக்கம் எத்தனை மணி நேரம் ஓட்டினீங்க?"

அவன் செல்போனைத் தூக்கிக் காட்டினான். ஸ்பீக்கரில் முதலாளி தேனாகப் பேசினார்.

"தாள் சரியாத்தானே மேடம் இருக்கு? வண்டியை விட்டுடுங்க."

சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவள் வயிற்றெரிச்சல். அந்தப் பக்கத்துத் தாள் கையில் இல்லாமல் அவளால் ஒரு வரி எழுத முடியாது. முன்னால் மலை இறக்கம், அடிவாரத்தில் ஊர். இந்த வருஷம் மட்டும் அங்கே மூன்று லாரிகள் கவிழ்ந்திருந்தன. மூன்றிலும் தாள் சுத்தம்.

பல்லைக் கடித்துக்கொண்டு, சோதனைக்காக வாங்கி வைத்திருந்த லாரிச் சாவியை நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை.

"நீயெல்லாம் ஒரு ஆபீசரா?" என்று திடீரென்று கத்தினான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டான். மேஜைமேல் இருந்த நேரத்தாளை எடுத்து, சுக்குநூறாகக் கிழித்து, அவள் முகத்துக்கு நேராக வீசினான்.

பதினெட்டு வருஷ வேலையில் ஒருவனும் அவளை அப்படிப் பேசியதில்லை. சாவியை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

"தாள் இல்லாதவன் பத்து மணி நேரம் ஓய்வெடுக்காம வண்டியை எடுக்கக் கூடாதுன்னு சட்டம். பத்து மணி நேரம் இங்கயே கெட!"

"காரியத்தையே கெடுத்துட்டியேடா, முட்டாப் பயலே!" என்று முதலாளி அலறினார். போன் அணைந்தது.

ஓட்டுநர் அதை இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டான். பிறகு கும்பிட்டான்.

"மன்னிச்சிடுங்கம்மா. நான் திட்டினதை ஒண்ணு விடாம ரிப்போர்ட்ல எழுதிடுங்க. கோபத்துல கிழிச்சேன்னுதான் முதலாளி நம்பணும். தூங்கத்தான் கிழிச்சேன்னு தெரிஞ்சா வேலை போயிடும்."

அவள் கிழிந்த தாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காலையில ஒரு பள்ளிக்கூட வாசல்ல வண்டி ஓட்டுறப்பவே கண் அசந்துட்டேன்மா. பிள்ளைங்க கத்தினப்பதான் முழிச்சேன்."

அவன் லாரியில் ஏறிப் படுத்த மறு நிமிஷமே குறட்டை கேட்டது.

அவள் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தாள். ஆத்திரம் துளிகூடக் குறையவில்லை. அவன் திட்டியதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதினாள். முதலாளியை நினைத்துத் தன் வாய்வரை வந்த இரண்டு வசவுகளையும், அவன் சொன்னதாகவே சேர்த்து எழுதினாள்.