ஏழாயிரம் அடி

திரையில் ஒரு விமானம் ஐயாயிரத்து எண்ணூறு அடியில் ஏறிக்கொண்டிருந்தது. அதற்குக் கிழக்கே, மேகம் போர்த்திய மலை. ஏழாயிரம் அடியைத் தொடும்வரை எவரையும் அந்தப் பக்கம் திருப்பக் கூடாது என்பது கட்டுப்பாட்டறையின் விதி. விமானி இரண்டாம் முறையாகக் கிழக்கே திரும்ப அனுமதி கேட்டார்.

"குடுத்துடும்மா. உள்ள அமைச்சர் இருக்காரு, அவசரமாம்," என்றார் மேலதிகாரி தேவசகாயம்.

"மலைக்கு அது தெரியாதே சார்," என்றாள் மைக்கின் முன் அமர்ந்திருந்த கட்டுப்பாட்டாளர் இன்பவல்லி.

"நாளைக்கு இந்த நாற்காலி உனக்கு இருக்காது, பாத்துக்க."

"இன்னிக்கு இருக்குல்ல சார்?"

நேராகவே ஏறும்படி விமானிக்கு உத்தரவிட்டாள். தேவசகாயத்தின் கை மைக்கை நோக்கி நீண்டது. பதவிக்கும் பட்டத்துக்கும் வளைந்து கொடுக்காத பாறையின் முன்னே பறந்துகொண்டிருந்த அத்தனை உயிர்களுக்காகவும், அவள் மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். திரையில் உயரம் ஆறாயிரத்து நூறு அடியாயிற்று. மூடிய கையின்மேல் அவருடைய கை அழுந்தியது. அவள் கண்கள் திரையைவிட்டு அகலவில்லை.