மீன் சிக்காத மூலை

ஏரியில் மூன்றாவது நாள். தூண்டிலில் ஒரு பொடிமீன்கூடச் சிக்காததால் மேலாளருக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து உலாத்தலாமென்றால் படகு ஆடியது.

"ஏம்ப்பா, உள்ளூர் ஆளுன்னு உன்னைக் கூட்டிட்டு வந்தா, தினம் இதே மூலையிலயே நிறுத்துறியே! நாளைக்கு ஊருக்குப் போறோம். வெறுங்கையோட போனா ஆபீஸே சிரிக்கும்."

"விடுங்களேன். நிம்மதியா பேசிட்டுத்தானே இருக்கோம்" என்றாள் மனைவி.

"பேசினா மீன் வருமா?"

வழிகாட்டி தலையைச் சொறிந்தார். "மீனெல்லாம் அந்தக் கரையிலதான் சார் இருக்கு."

"அடப்பாவி! அப்புறம் ஏன் இங்க?"

"அங்க போனுக்கு டவர் கிடைக்கும் சார். கிடைக்காத இடமாப் பாத்து நிறுத்தச் சொல்லி மேடம் மொத நாளே சொல்லிட்டாங்க."

மனைவி சட்டென்று தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேலாளர் தூண்டிலை அதே மூலையில் வீசிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"என்னமோ சொல்லிட்டிருந்தியே... மொதல்லேருந்து சொல்லு."