உப்பில்லாத நாக்கு

"சித்தி, இன்னும் மூணு பேரு அந்தப் பதிவைப் பகிர்ந்திருக்காங்க!" என்று கத்திக்கொண்டே கடைக்குள் நுழைந்தான் முன்சிக்.

மாசான் மீன் சந்தையின் பின்சந்தில் ஒக்பூன் நடத்தும் நூடுல்ஸ் கடை அது. சாப்பாட்டுக் கடை நடத்தும் பெண்களை எல்லோரும் சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். முன்சிக் சொந்தக்காரன் இல்லை, வெறும் வாடிக்கையாளன். வேலை காப்பீட்டு அலுவலகத்தில், மனசெல்லாம் தன் வலைப்பூவில். போன வருடம் அவன் இந்தக் கடையைப் புகழ்ந்து எழுதிய பிறகுதான் பூசான், சியோல் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து வாசலில் வரிசை கட்டினார்கள். அன்றிலிருந்து அவன் கால் தரையில் பாவவில்லை.

இப்போது மணி பன்னிரண்டரை. பதினாறு நாற்காலிகளில் இரண்டில்தான் ஆள். இருவரும் மீன் கூடை சுமக்கிறவர்கள், பழைய வாடிக்கை.

"கேளுங்க, என்ன எழுதியிருக்கான்னு. 'சாறு பாத்திரம் கழுவின தண்ணி. நூடுல்ஸ் செருப்பு வாரு. கடைக்காரிக்குச் சிரிக்கவே தெரியாது.' போட்டோவுல பாதி இவன் கட்டைவிரல்தான் தெரியுது. இவனெல்லாம் ஒரு பதிவர்! வலைப்பூவுக்குப் பேரு வேற, 'உப்பில்லாத நாக்கு'!"

"சிரிக்கத் தெரியாதுங்கறது நெசந்தானே," என்றாள் ஒக்பூன், மாவைத் தேய்த்தபடி. மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது.

"வெளையாடாதீங்க. ஒரு மணிக்குக் கட்டடக்காரர் வர்றாரு. வாடகை ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. கடையை ஒருதரம் பார்த்துட்டுத்தான் புதுப்பிக்கறதைப் பத்திச் சொல்லுவேன்னாரு இல்ல? போன மாசம் மாப்பிள்ளையோட வந்து வரிசையைப் பார்த்து வாயைப் பிளந்தவரு, இந்தக் காலி நாற்காலியைப் பார்த்தா என்ன நினைப்பாரு? இந்தம்மாவுக்கு வியாபாரம் படுத்துருச்சு, கிளப்பிடலாம்னுதான் நினைப்பாரு."

ஒக்பூன் அடுத்த மாவு உருண்டையை எடுத்துத் தேய்த்தாள். பத்தொன்பது வருடமாக அவள் நிற்கும் அடுப்படி அது. போன மாதம் அந்த மாப்பிள்ளை காலடி வைத்து அளந்து பார்த்ததும் அதைத்தான். புருஷன் போன பிறகு மகளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்ததும் அந்த அடுப்புதான். இந்த இடம் போனால் வேறு இடத்தில் முதலிலிருந்து தொடங்க அவளுக்குத் தெம்பு கிடையாது. அது முன்சிக்குக்கும் தெரியும். அதனால்தான் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தான்.

"எதிர்க்கடைக்காரி வேலையாத்தான் இருக்கும்."

"அவளா? அவளுக்குப் போன்ல பேசவே தெரியாது. வலைப்பூவுக்கு எங்க போவா?"

"உங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்! சரி, நான் ஒண்ணு பண்றேன். எனக்கு நாலாயிரம் பக்கத்து வீட்டுக்காரங்க இருக்காங்க."

வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். 'பக்கத்து வீட்டுக்காரர் ஆகலாமா' என்று விண்ணப்பம் அனுப்பித்தான் சேர வேண்டும்.

"இப்பவே ஒரு பதிவு போடறேன். 'உடனே வாங்க, சித்தியைக் காப்பாத்துங்க'ன்னு. சுத்தியிருக்கற ஆபீஸ்ல இருந்தே இருபது பேரு ஓடி வருவாங்க."

ஒக்பூன் உருட்டுக்கட்டையைப் பலகையில் டொக்கென்று வைத்தாள்.

"ஒரு எழுத்து எழுதினே, அப்புறம் இந்தப் படியை மிதிக்கக் கூடாது. போனைக் கொடு இப்படி!"

பிடுங்கி மாவு டப்பாவின் மேல் வைத்துவிட்டு, ஒரு கூடைப் பூண்டை அவன் முன்னால் தள்ளினாள்.

"பத்து வருஷ வலைப்பூ கத்துக்கொடுத்த பாடம்னு நீயே எழுதலை? கோபத்துல எழுதினதை ஆற விட்டுத்தான் போடணும்னு. உரி."

"அதுல இன்னொண்ணும் எழுதியிருந்தேன் சித்தி. பத்துப் பேரு புகழ்ந்தா ஒருத்தன் வருவான், ஒருத்தன் திட்டினாப் பத்துப் பேரு ஓடிருவாங்கன்னு."

"அதையும் படிச்சேன்," என்றாள் அவள்.

சொன்னபடி ஒரு மணிக்குக் கட்டடக்காரர் யோம் வந்தார். காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முன்சிக்கின் விரலிலிருந்து பூண்டு நழுவியது.

"என்னம்மா, கூட்டத்தையே காணோம்?"

"வந்த வேகத்துலயே போயிடுச்சுங்க ஐயா."

"அப்படியெல்லாம் இல்லைங்க, இன்னிக்கு மட்டும்தான்..." என்று எழுந்த முன்சிக், ஒக்பூன் முறைத்த முறையில் அப்படியே உட்கார்ந்தான்.

யோம் பெருமூச்சு விட்டார். பைக்குள்ளிருந்து ஒப்பந்தத் தாளை எடுத்தார். கூடவே முத்திரையையும் எடுத்து, வாயால் ஊதி, அழுத்திக் குத்தினார்.

"மூணு வருஷத்துக்குப் போட்டிருக்கேன், நீயே நடத்திக்க. உனக்கென்னம்மா ஒளிக்கறது? அந்த வரிசையைப் பார்த்ததுல இருந்து, உன்னைக் கிளப்பிட்டு தானே இங்க நூடுல்ஸ் கடை போடறேன்னு என் மாப்பிள்ளை ஒத்தைக்கால்ல நின்னான். ஏதோ ஒரு பதிவைப் படிச்சானாம். இப்ப ஓசியில கொடுத்தாலும் வேணாங்கறான்."

அவர் தலை மறைந்ததும் முன்சிக் துள்ளிக் குதித்தான்.

"சித்தி! அந்த உப்பில்லாத நாக்கு எவனா இருந்தாலும் சரி, அவன் கால்ல விழணும் சித்தி!"

கூடைக்காரர்கள் இருவரும் கிண்ணத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஒக்பூன் ஒரு கிண்ணம் நூடுல்ஸை முன்சிக்கின் முன்னால் வைத்து, அவன் போனையும் கொடுத்தாள். பிறகு மூக்கில் கண்ணாடியை மாட்டி, தன் போனை எடுத்து, மாவு ஒட்டிய கட்டைவிரலால் எதையோ நிதானமாக அழுத்தினாள்.

அவன் கையில் போன் சிணுங்கியது. 'உப்பில்லாத நாக்கு உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஆக விரும்புகிறார்.'

"சீக்கிரம் சேர்த்துக்கப்பா, நூடுல்ஸ் ஆறுது," என்று சொல்லி, சிரிக்கவே தெரியாத ஒக்பூன் சிரித்தாள்.